உடன்பிறந்தான் பிணமும் ஊராள்வோன் ஆணையும்

கிரேக்க நாடகம் என்றதும், "எல்லாம் விதியின் விளையாட்டு" என்று கண்மூடி உரைப்போர் நம்மிடையே பலர். ஊழை நம்பியே உழன்ற நாட்டில் அவ்வுரைக்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. ஆனால், ஏறத்தாழ கி.மு. 441இல் சோபோக்ளிசு ஏதென்சு நகர அரங்கில் நிறுத்திய ஆண்டிகனியைக் கொன்றது விதியா? அன்று, அரசன் விடுத்த ஆணை!

தீப்சு நகரின் அரியணைக்காக உடன்பிறந்தார் இருவர் பொருது மாய்ந்தனர். ஆட்சியேறிய மாமன் கிரியோன், ஒருவனுக்கு வீர மரியாதை செய்வித்தான். மற்றவனைத் துரோகி என்றான். அவன் உடல் நாய்க்கும் கழுகுக்கும். அடக்கம் செய்வோர்க்குச் சாவு என முரசறைந்தான். தங்கை ஆண்டிகனி பிடி மண் எடுத்து அண்ணன் உடல்மேல் தூவினாள். அவ்வளவே அவள் செய்த குற்றம்.

தமிழர்க்கு இது அயற்கதையா? தெருக்கூத்தின் தாயகமான பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது குறிஞ்சிப்பாடி. அர்ச்சுனன் அண்ணனென்று அறியாமல் கர்ணனை வீழ்த்துவதையும், எதிரணியில் நின்ற மகனுக்காகக் குந்தி கதறுவதையும் விடியவிடியக் கண்டவர்கள் அவ்வட்டார மக்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்காக வீட்டையும், முன்னோரைப் புதைத்த மண்ணையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களும் அங்கு உண்டு. ஆண்டிகனியின் பிடி மண்ணுக்குப் பொருள் கூற அவர்களுக்குப் பேராசிரியர் தேவையில்லை.

1978இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. இராமசுவாமி, இந்நாடகத்தைத் தழுவி 'துர்க்கிர அவலம்' அளித்தார். தேர்ந்த கதை தக்க கதை. எனினும் இதைத் தமிழில் மீண்டும் ஆடப் புகுவோர்க்கு நாம் ஒன்று கூறுவோம்.

மூலத்தில் கிரியோன் மனம் மாறுவது எப்போது? ஊர் மக்கள் அப்பெண்ணுக்காக மறைவில் அழுகிறார்கள் என்று மகன் ஈமோன் வாதிடும்போது மாறவில்லை. குறிசொல்லும் குருடன் டைரீசியசு, தெய்வச் சினத்தைக் காட்டி மிரட்டிய பின்னரே மாறுகிறான்! மக்கள் குரலுக்கு மசியாதவன் குறிக்கு மசிகிறான். ஏதென்சு அதை ஏற்றது. நாம் ஏன் ஏற்கவேண்டும்? 1973இல் தென்னாப்பிரிக்காவில் அத்தோல் ஃபுகார்டும் இரு கறுப்பின நடிகர்களும் படைத்த 'தீவு' நாடகத்தில் குறிகாரனே இல்லை. கைதிகள் இருவர் சிறைக்குள் ஆண்டிகனியின் விசாரணையை மட்டும் நடிக்கின்றனர், அது போதுமானதாயிற்று. நெல்சன் மண்டேலாவும் ராபன் தீவுச் சிறையில் இந்நாடகத்தில் நடித்தவர். ஏற்ற வேடம் எது தெரியுமோ? கிரியோன்! கொடுங்கோலனின் வாதத்தையும் உள்ளே புகுந்து அறிய வேண்டும் போலும். உருட்டிய விழியும் முறுக்கிய மீசையுமாகக் கிரியோனைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. உள்நாட்டுப் போர் ஓய்ந்த மறுநாள், 'ஒழுங்கு வேண்டும்' என்று பேசுபவன் அவன். அப்பேச்சு நியாயம்போல் ஒலிக்கவேண்டும்.

அந்த நியாயம் இன்றும் ஒலிக்கிறதே! யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லம் தகர்க்கப்பட்டது. அந்நிலத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. 2020இல் கொரோனாவில் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்றது இலங்கை அரசு. புதைப்பதே மரபான முசுலிம்கள் கதறினர். 2021 பிப்ரவரியில்தான் ஆணை தளர்ந்தது. நம் வீடு மட்டும் தூய்மையா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள், இறந்தவர் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அங்கே முரசறைய அரசனும் தேவைப்படவில்லை, சாதியே ஆணையிட்டது.

ஆகவே நம் கண் கிரியோனைக் காட்டிலும் காவலன் மீதே செல்கிறது. பிணத்துக்குக் காவல் நின்று, செய்தி சொல்ல அஞ்சி, வாயாடி, நகைப்பூட்டும் அவன், கூத்தின் கட்டியங்காரனுக்கு உடன்பிறந்தவன். அவனை அவ்வாறே ஆடவிடுங்கள். மக்கள் வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். தன் தலை தப்பியது என்னும் மகிழ்ச்சியோடு ஆண்டிகனியைப் பிடித்து இழுத்து வருபவனும் அவனே. அந்நொடியில் கூத்துக்களத்தைச் சுற்றி எத்தனை பேர் சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்று நாம் பார்க்கவேண்டும்.