விண்குடியேற்றமும் மனிதகுல வாழ்வும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

மனிதகுலம் அழியாது நிலைபெற வேண்டுமானால், அது புவியை விட்டு வெளியேறி வேற்றுக் கோள்களில் குடியேறியே தீர வேண்டும் என்பது இக்காலத்து அறிவியலறிஞர் சிலரும் பெருஞ்செல்வர் சிலரும் உரத்து முழங்கும் கருத்தாகும். மாணவர்க்கான பேச்சுப் போட்டிகளுக்கும் பட்டிமன்றங்களுக்கும் பொருத்தமான தலைப்பு இது. ஓர் அணியினர் ‘வேண்டும்’ என்பர். மற்றோர் அணியினர் ‘வேண்டா’ என்பர். ஆயின், இக்கருத்து எங்குப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, இதற்குக் காட்டப்படும் காரணங்கள் எத்தகையன, அக்காரணங்களிலிருந்து இம்முடிவு பிறக்கத்தான் செய்கின்றதா என ஆராய்வார் சிலரே. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

இக்கருத்துக்கு முதன்முதலில் கணித வடிவம் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது ஆசிரியர் உலகம் பெருமையோடு நினைக்கத்தக்கது. உருசிய நாட்டின் கலுகா நகரில் வாழ்ந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி (1857–1935) இளமையிலேயே நோயால் செவிப்புலன் குன்றியவர். நூல்களின் துணைகொண்டு பெரும்பாலும் தாமே கற்றவர். ராக்கெட்டின் துணையால் மனிதன் விண்ணை அடையக்கூடும் என்பதைக் கணக்கால் நிறுவி 1903-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். புவியைத் தொட்டிலாக உருவகித்து, மனிதன் என்றென்றும் தொட்டிலிலேயே கிடத்தல் ஆகாது என்னும் பொருள்பட அவர் எழுதியது உலகப் புகழ் பெற்றது.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியற் பேராசிரியர் ஜெரார்டு ஓநீல். வளர்ந்துவரும் ஒரு தொழில்நுட்ப நாகரிகத்துக்குக் கோளின் மேற்பரப்புத்தான் தகுந்த இடமா என்னும் வினாவை 1969-இல் அவர் தம் மாணவரிடம் எழுப்பினார். அவ்வினாவின் விரிவே 1974-இல் வெளிவந்த கட்டுரையும், 1976-இல் வெளிவந்த ‘தி ஹை பிராண்டியர்’ என்னும் நூலும் ஆகும். நிலவிலிருந்து மூலப்பொருள்களை எடுத்து, சுழலும் பெருங்கூடுகளை விண்வெளியில் அமைத்து, ஞாயிற்றின் ஒளியையே ஆற்றலாகக் கொண்டு மக்கள் அவற்றினுள் வாழலாம் என்பது அவர் கொள்கை. முதற்குடியிருப்பில் 10,000 பேர் வாழலாம் எனவும், 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அஃது அமையலாம் எனவும் அவர் எதிர்பார்த்தார். அந்நூற்றாண்டின் இறுதியில், 2000 நவம்பர் 2-இல், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் குடிபுகுந்தவர் மூவரே.

இவ்விருவர் எழுத்துக்கும் பின்வந்தோர் எழுத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சியோல்கோவ்ஸ்கியைச் செலுத்தியது வளர்ச்சி பற்றிய ஆர்வம். ஓநீலைச் செலுத்தியது வளம் பற்றிய நம்பிக்கை. 21-ஆம் நூற்றாண்டிலோ அழிவு பற்றிய அச்சமே மேலோங்கி நிற்கின்றது. இயற்பியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங், புவியை விட்டு வெளியேறாவிடில் மனிதகுலம் இன்னும் 1000 ஆண்டுகள் நிலைப்பது அரிது என்று 2016-இல் கூறினார். 2017-இலோ 100 ஆண்டுகளுக்குள் வேறொரு கோளை நாட வேண்டும் என்றார். ஓராண்டுக்குள் ஆயிரம் நூறாகச் சுருங்குமாயின், அவ்வெண்கள் அளந்து பெற்றவை ஆகா. எச்சரிக்கையின் அழுத்தத்தைக் காட்ட வந்தவை எனலே பொருந்தும். சொன்னவர் மேதை என்பதற்காகச் சொல்லை ஆராயாது ஏற்பது அறிவியல் நெறியன்று.

காரணங்களும் அவற்றின் வலிமையும்

குடியேற்றத்தை வற்புறுத்துவோர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுடைய விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் மோதியது. டைனோசர்கள் உள்ளிட்ட உயிரினங்களுள் ஏறத்தாழ முக்காற் பங்கு அழிந்தொழிந்தது. அத்தகைய மோதல் மீண்டும் நிகழாது என உறுதி கூற இயலாது. அணுப்போர், கொள்ளைநோய், தட்பவெப்ப மாற்றம் ஆகியனவும் உடன் எண்ணப்படுகின்றன. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் இட்டு வைக்கும் உழவன் அறிவுடையவன் ஆகான் என்பதே இவ்வாதத்தின் சாரம்.

இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. ஞாயிற்றின் ஒளி மெல்ல மெல்ல மிகுந்து வருவதால், ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளில் புவியின் கடல்கள் வற்றிப்போகும் என்பது வானியலார் கணிப்பு. அந்நெடுங்காலக் கணக்கில் நோக்கின், புவியிலேயே என்றும் வாழ்தல் எவ்வுயிர்க்கும் இயலாது. ஆனால், 100 கோடி ஆண்டுகளுக்குப் பின் உண்மையாகும் ஒன்றை இன்றைய அவசரத்துக்குக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. மனித இனம் தோன்றியே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. இவ்விரு கால அளவுகளையும் கலந்து பேசுவதே இவ்வாதத்தின் முதற்குறையாகும்.

நோயும் மருந்தும்

கேட்டின் தன்மைக்கு ஏற்ற தீர்வுதானா குடியேற்றம் என்பது அடுத்து ஆராயத்தக்கது. குடியேறுதற்குரியதெனப் பெரிதும் சுட்டப்படுவது செவ்வாய்க் கோள். அதன் காற்றழுத்தம் புவியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு; அக்காற்றிலும் 95 விழுக்காடு கரியமிலவாயு. சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு. ஈர்ப்பு புவியினதில் 38 விழுக்காடு. 2008-இல் அங்கு இறங்கிய பீனிக்ஸ் கலம், மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் நச்சு உப்பு இருத்தலைக் கண்டறிந்தது. 2012-இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் அளவீட்டின்படி, புவியில் ஓராண்டு முழுவதும் ஒருவர் சராசரியாகப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சைச் செவ்வாயின் மேற்பரப்பில் நான்கு நாள்களுக்குள் பெற நேரும்.

இனி, விண்கல் மோதிய காலத்துப் புவியை இதனோடு ஒப்பிடுக. வானம் இருண்டது; காடுகள் எரிந்தன; உணவு அரிதாயிற்று. எனினும் மூச்சுவிடக் காற்று இருந்தது. கடலில் நீர் இருந்தது. மண்ணில் உயிர் இருந்தது. சிறு பாலூட்டிகள் பிழைத்தன. அவற்றின் வழிவந்ததே மனித இனம். மிகக் கொடிய நாளிலும் புவி, செவ்வாயின் மிக நல்ல நாளினும் வாழத்தக்கதாகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மேலும், விண்கல்லுக்கு அஞ்சி ஓடுவதினும் அதனை விலக்குதல் எளிது. 2022 செப்டம்பர் 26-இல் ‘டார்ட்’ என்னும் கலம், சுமார் 160 மீட்டர் குறுக்களவுடைய டைமார்போஸ் என்னும் சிறுகோளின்மீது வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்தது. மனிதன் ஒரு விண்பொருளின் பாதையை மாற்றியது அதுவே முதன்முறை. அணுப்போர், கொள்ளைநோய் ஆகியனவோ மனிதன் செல்லுமிடமெல்லாம் அவனுடன் செல்வன. நோயாளி ஊர் மாறுவதால் நோய் மாறுவதில்லை.

விதைநெல் உவமையும் ஈண்டு மீண்டும் நோக்கத்தக்கது. இரண்டாம் குதிர் முதற்குதிரின் துணையின்றித் தானே நெல்லைக் காக்க வல்லதாயின்தான் அது காப்பாகும். 26 மாதங்களுக்கு ஒருமுறை வாய்க்கும் பயண வாய்ப்பை நோக்கி, மருந்துக்கும் கருவிக்கும் புவியை எதிர்பார்த்திருக்கும் குடியிருப்பு, புவி அழிந்தால் தானும் அழியும். அஃது இரண்டாம் குதிர் அன்று. முதற்குதிரின் ஒரு மூலையே.

தன்னிறைவு எத்துணை அரிது என்பதைப் புவியிலேயே நிகழ்ந்த ஒரு சோதனை காட்டிற்று. அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறத்தாழ 1.27 ஏக்டர் பரப்பில் அமைந்த ‘பயோஸ்பியர் 2’ என்னும் மூடிய கண்ணாடி மாளிகையினுள் 1991 செப்டம்பர் 26-இல் எண்மர் புகுந்தனர். காடு, வயல், சிறுகடல் அனைத்தும் உள்ளே அமைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 16 மாதங்களில் காற்றிலிருந்த உயிர்வளி 20.9 விழுக்காட்டிலிருந்து சுமார் 14 விழுக்காடாகக் குறைந்தது. வெளியிலிருந்து உயிர்வளி செலுத்த நேர்ந்தது. வளமிக்க மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் உயிர்வளியைக் கொண்டு கரியமிலவாயுவை வெளியிட்டதும், அவ்வாயுவைக் கட்டடத்தின் கற்காரைச் சுவர்கள் ஈர்த்துக்கொண்டதும் காரணம் எனப் பின்னர்த் தெளியப்பட்டது. சுவர் காற்றைத் திருடும் என்பதை எவரும் எதிர்பார்த்திலர். புவியில் கதவு திறந்தது; உயிர்வளி வந்தது. செவ்வாயில் திறக்கக் கதவு இல்லை. விண்வெளியில் இதுவரை எந்த மனிதக் குழந்தையும் கருவுற்றதில்லை, பிறந்ததுமில்லை என்பதும் எண்ணத்தக்கது. பிள்ளைப்பேறு இல்லாத குடியிருப்பு பாசறையாகலாம், குடியாகாது.

இலக்கியம் காட்டும் உண்மை

இக்கருத்தை அறிவியலாளரினும் ஆழ்ந்து சோதித்தவர்கள் புனைகதையாசிரியர்கள். ஓலாப் ஸ்டேப்பிள்டன் 1930-இல் எழுதிய ‘லாஸ்ட் அண்டு பர்ஸ்ட் மென்’ என்னும் புதினத்தில், நிலவு வீழவிருப்பதை அறிந்த மனிதர் வெள்ளிக் கோளுக்குக் குடிபெயர்கின்றனர். பிழைப்பதற்காக அங்கு முன்பே வாழ்ந்த உயிரினத்தை அழிக்கின்றனர். பின்னர் நெப்டியூனுக்குச் செல்கின்றனர். இறுதியில் அங்கும் அழிவை எதிர்நோக்கி நிற்கின்றனர். குடிபெயர்தல் அழிவை ஒத்திவைக்கலாம், நீக்காது என்பதும், பிழைத்தல் என்னும் ஒரே குறிக்கோள் அறத்தை விழுங்கிவிடும் என்பதும் அப்புதினம் உணர்த்தும் உண்மைகள்.

ரே பிராட்பரியின் ‘மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’ (1950) என்னும் கதைத்தொகுதியில், செவ்வாயில் வாழ்ந்தோர் மனிதர் கொணர்ந்த சின்னம்மையால் மடிகின்றனர். புவியில் அணுப்போர் மூண்டதும், செவ்வாயில் குடியேறியோருள் பெரும்பாலோர் பாதுகாப்பை விட்டுப் புவிக்கே திரும்புகின்றனர். அறிவு ஒருபுறம் இழுப்பினும், பிறந்த மண் மறுபுறம் இழுக்கும் என்னும் உளவியலை அவர் நுட்பமாகக் கண்டுள்ளார். கிம் ஸ்டான்லி ராபின்சனின் வளர்ச்சியோ இன்னும் சிந்திக்கத்தக்கது. 1992 முதல் 1996 வரை வெளிவந்த மூன்று புதினங்களில் செவ்வாய் வாழத்தக்க கோளாக மாற்றப்படுவதை விரித்துரைத்த அவரே, 2015-இல் எழுதிய ‘அரோரா’வில், வேறொரு விண்மீனை நாடிச் சென்ற கூட்டத்தார் குடியேற்றம் தோற்றுப்போக, ஒரு பகுதியினர் புவிக்கு மீள்வதைக் காட்டினார்.

தமிழ் மரபின் அளவுகோலும் ஈண்டுப் பயன்படும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், இவ்விரண்டின் மேல் நிகழும் மக்கள் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. செவ்வாயில் நிலமும் பொழுதும் உண்டு. கருப்பொருள் ஒன்றும் இல்லை. அவ்வனைத்தையும் புவியிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும். பாலை என்பது வளம் திரிந்த நிலம். மழை பெய்யின் மீண்டும் தளிர்க்கும். செவ்வாயோ பாலையும் அன்று. கருப்பொருளின்றி உரிப்பொருள் அமையாது என்பது கவிதைக்கு மட்டுமே உரிய விதியன்று.

சியோல்கோவ்ஸ்கியின் தொட்டில் உருவகமும் இவ்வளவுகோலுக்குத் தப்பாது. அஃது ஒருபுடை ஒப்புமையே. முழுதும் ஒத்ததாகக் கொள்ளுதல் பிழை. தொட்டிலை விட்டிறங்கும் குழந்தை வீட்டுக்குள்தான் இறங்குகின்றது. அங்கே தாயும் பாலும் காற்றும் உள. மனிதனுக்குப் புவி தொட்டில் மட்டுமன்று, அவ்வீடும் அதுவே.

யார் செல்வர்? யார் ஆள்வர்?

ஓநீலின் நூற்பெயரில் உள்ள ‘பிராண்டியர்’ என்னும் சொல், அமெரிக்க வெள்ளையர் மேற்கு நோக்கிப் பரவிய எல்லைப்புறத்தை நினைவூட்டுவது. அவ்வெல்லைப்புறம் வெறுநிலம் அன்று. தொல்குடிகள் வாழ்ந்த நிலம். விண்வெளியில் தொல்குடிகள் இல்லை என்பது உண்மையே. ஆயின், குடியேறுவோருள்ளேயே ஆள்வோரும் ஆளப்படுவோரும் தோன்றுவர். லூயிஸ் மம்போர்டு, வெண்டல் பெர்ரி முதலிய எழுத்தாளர்கள் ஓநீலின் திட்டத்தை அன்றே எதிர்த்தனர்.

2016-இல் செவ்வாயில் பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரம் பற்றிய திட்டத்தை வெளியிட்ட எலான் மஸ்க், பணமில்லாதார் கடன் பெற்று அங்கு வரலாம் என்றும், வேலைக்குக் குறைவிராது என்றும் 2020 ஜனவரியில் எழுதினார். மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாறு அறிந்தோர்க்கு இச்செய்தி புதிதன்று. கப்பற் செலவுக்குக் கடன் பெற்று வந்து, அக்கடனைத் தீர்க்கப் பால்வெட்டிய தலைமுறைகளின் வரலாறு அது. ஒப்பந்தக்கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள்திரட்டல் 1938-இல் நின்றது. தோட்டத்தில் லயமும் துரைக்குரியது, கடையும் துரையின் ஆணைக்குட்பட்டது. எனினும் காற்று எவர்க்கும் உரியதாக இருந்தது; துணிந்தவன் காலால் நடந்தாவது வெளியேற முடிந்தது. செவ்வாயில் மூச்சுக் காற்றும் முதலாளியின் பொறியிலிருந்தே வரும். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு அங்குப் போக இடமில்லை. விண்பொருள் எதனையும் எந்நாடும் தனதாக்கிக் கொள்ளலாகாது என 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் விதித்துள்ளது; ஆயின், அங்கு உழைக்கப்போகும் தொழிலாளியின் உரிமை பற்றித் தனி விதி அதில் இல்லை. மனிதகுலம் பிழைக்குமா என்னும் வினாவோடு, எந்த நிலையில் பிழைக்கும் என்னும் வினாவும் சேர்த்தே கேட்கப்படல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விண்வெளி ஆராய்ச்சி வேண்டா என்பது முடிவாகாது. ஆராய்ச்சி வேறு, குடியேற்றம் வேறு. அண்டார்க்டிக்காவின் வானில் ஓசோன் படலம் மெலிந்ததை 1985-இல் தரையிலிருந்து கண்ட அறிஞர்க்கு, அதன் பரப்பை முழுமையாகக் காட்டியது செயற்கைக்கோளே. இரண்டே ஆண்டுகளில், 1987-இல், மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. ஓசோனைக் கெடுக்கும் வேதிப்பொருள்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. படலம் மீண்டு வருகின்றது. விண்ணிலிருந்து பெற்ற அறிவும் மண்ணில் எடுத்த முடிவும் இணைந்து மனிதகுலத்தைக் காத்த மெய்ச்சான்று இது. இதற்கு எவரும் ஊரை விட்டுப் போக நேரவில்லை.

மிக நெடிய எதிர்காலத்தில் மனிதனின் வழிவந்தோர் வேறு விண்மீன்களை நாடுதல் கூடும். அஃது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அக்காலம்வரை அவர்கள் உயிரோடு இருப்பதற்கு வழிசெய்வதே இன்றைய தலைமுறையின் கடமை. அவ்வழி செவ்வாயில் இல்லை. புவியின் காற்றையும் நீரையும் காப்பதிலும், போரை விலக்குவதிலும், வரும் விண்கல்லை முன்னறிந்து திசைமாற்றுவதிலுமே உள்ளது. குடியேறினால்தான் பிழைக்கலாம் என்னும் கூற்று முன்பின் மாறி அமைந்தது. ஒரு கோளைப் பேணி வாழக் கற்றவர்க்கே மற்றொரு கோளில் வாழும் தகுதி வாய்க்கும்; அதனைக் கல்லாதார் எங்குச் செல்லினும் அழிவையும் உடன்கொண்டே செல்வர்.