பழைய பாக்கெட் ரேடியோ பெட்டி, புதிய லேப்டாப்: ஒத்துப்போகுமா?

அமெரிக்காவின் டூசான் நகரத்து ஹாம் ரேடியோ அமைப்பான டி.ஏ.பி.ஆர். 1985-ல் கொண்டுவந்த டி.என்.சி.-2 என்ற பெட்டி, தகவலைச் சிறு பொட்டலங்களாக ரேடியோவில் அனுப்பும் பாக்கெட் ரேடியோ முறையில் ஒரு முன்மாதிரி. எம்.எஃப்.ஜே. 1270 உட்படப் பல பெட்டிகள் அதே வடிவமைப்பில் பிறந்தவை. ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து, எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றுவது இதன் வேலை. உள்ளே இஸட்-80 பிராசஸர்; 1200, 2200 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகள்; வேகம் நொடிக்கு 1200 பிட்.

நான் சோதித்த பழைய பெட்டியில் ரேடியோ பக்கம் பழுதே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

முதல் வேலை: மின்னழுத்தம்

பெட்டியில் இருப்பது 25 முனை சீரியல் போர்ட்; லேப்டாப்பில் யு.எஸ்.பி. மட்டும். கடையில் ‘யு.எஸ்.பி. சீரியல்’ என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும், இரண்டும் ஒன்றல்ல. ஆர்டுயினோ போன்ற போர்டுகளுக்கு விற்கும் டி.டி.எல். வகையில் 0 வோல்ட் என்றால் பூஜ்யம், 5 அல்லது 3.3 வோல்ட் என்றால் ஒன்று. டி.என்.சி. பேசும் ஆர்.எஸ். 232-ல் ஒன்று என்பது மைனஸ் 3 வோல்ட்டுக்கும் கீழே, பூஜ்யம் என்பது பிளஸ் 3-க்கும் மேலே. அளவும் வேறு, போக்கும் தலைகீழ். வேகத்தைச் சரியாக வைத்தும் திரையில் குப்பை எழுத்துகள் ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லேப்டாப்புக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் முனைகளில் பெட்டியை நேரடியாக இணைத்தால் போர்டே போய்விடலாம்.

தீர்வு மலிவானது. லேப்டாப்புக்கு நிஜமான ஆர்.எஸ். 232 கேபிள், ராஸ்பெர்ரி பைக்கு நடுவில் ஒரு மேக்ஸ் 3232 சிப். தேவையான மைனஸ் மின்னழுத்தத்தைச் சில சிறு கெப்பாசிட்டர்களின் துணையோடு சிப்பே உண்டாக்கிக்கொள்ளும். கேபிளின் 9 முனைப் பக்கத்தில் 3-ஐ டி.என்.சி.யின் 2-க்கும், 2-ஐ 3-க்கும், 5-ஐ 7-க்கும் இணையுங்கள்.

இரண்டாவது வேலை: எட்டாவது பிட்

டெர்மினல் முன் மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்த காலத்துப் பெட்டி இது. எனவே தொடக்க அமைப்பு 7 பிட், ஈவன் பேரிட்டி; எட்டாவது பிட் பிழையைச் சோதிக்க மட்டும். இன்றைய மென்பொருள்கள் கேட்பதோ ‘கிஸ்’ முறை. மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் 1987-ல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் விளக்கிய இந்த முறையில், நெறிமுறை வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்குப் போய்விடும். பெட்டி கிட்டத்தட்ட வெறும் மோடமாக நிற்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் எல்லையையும் 192 என்ற எண் குறிக்கிறது. 7 பிட்டில் 127-க்கு மேல் எண்ணே கிடையாது! ஆகவே 8 பிட், பேரிட்டி இல்லை என்று மாற்றிவிட்டுத்தான் கிஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 192, 255, 192 என்று மூன்று பைட்டுகளை அனுப்பினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். பெட்டியின் மென்பொருள் பதிந்த ஈப்ராம் சிப்பில், முதலில் வந்ததென்றால், கிஸ் இருக்காது, சிப்பை மாற்றியாக வேண்டும். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி செத்திருந்தால், மின்சாரத்தை நிறுத்தியதும் அமைத்ததெல்லாம் மறந்துபோகும். மூடியைத் திறக்கும்போதே பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

பயன்பாட்டில் எப்படி?

மாற்றங்களுக்குப் பின் லினக்ஸ் இதைச் சிக்கலின்றி ஏற்கிறது. மோடம் வேலையை மென்பொருளே செய்யும் முறையைப்போல் சவுண்ட் கார்டின் ஒலி அளவைத் திருகிக்கொண்டிருக்கும் வேலை இல்லை, பழைய லேப்டாப்பும் திணறுவதில்லை. ரேடியோ பேசத் தொடங்கும் முன் விடும் இடைவெளியைக் கிஸ் முறை 10 மில்லி செகண்ட் அலகில் எண்ணுகிறது. வழக்கமான 50 என்பது அரை நொடி. நவீன செட்டுக்கு இது அதிகம், குறைத்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. இரைச்சலில் மங்கி வரும் பாக்கெட்டுகளைப் பிரித்தெடுப்பதில் ‘டயர் உல்ஃப்’ போன்ற இலவச மென்பொருள் பெட்டியில் உள்ள அந்தக் காலத்து மோடம் சிப்பை முந்துகிறது. 145.825 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாக்கெட்டுகளைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

தீர்ப்பு: பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால், ஒரு கேபிளும் ஒரு பேட்டரியும் வாங்கி உயிர் கொடுங்கள், உழைப்பு வீணாகாது. இல்லையென்றால் பழைய பெட்டியைத் தேடிப் பணம் போடாதீர்கள். ஒரு சவுண்ட் கார்டும் இலவச மென்பொருளும் போதும்.