ஒல்லாந்தரின் விடுதலையும் எமது தேசவழமையும்

அவுஸ்திரேலியாவில் குடியேறிய எமக்கு ஒல்லாந்தர் புதியவர்கள் அல்லர். 1642இல் ஆபெல் டாஸ்மனைத் தென்கடலுக்கு அனுப்பியவர் பத்தாவியாவிலிருந்த ஆளுநர் நாயகம் அந்தோனி வான் டீமன். அவருடைய ஆட்சிக்காலத்தில்தான், 1639இல், திருகோணமலைக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. டாஸ்மேனியா 1856 வரை வான் டீமனின் பெயரையே தாங்கியிருந்தது. யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் வீழ்ந்தது.

எம்மிடம் ஆள வந்த இவர்கள் தம் நாட்டில் விடுதலைக்குப் போராடியவர்கள். ஒல்லாந்தத் தேசிய வரலாற்றின் பெருமைக்குரிய பிரதி 1581ஆம் ஆண்டின் துறப்புப் பிரகடனம். ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பை அவர்கள் அதன்மூலம் கைவிட்டனர். மக்கள் மன்னனுக்கு அடிமைகளாகப் படைக்கப்படவில்லை, மக்களுக்காகவே மன்னன் என்பது அதன் சாரம். 1648இல் ஸ்பெயினும் அவர்களுடைய சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது.

இப்பிரகடனத்தோடு சேர்த்து வாசிக்கவேண்டிய இன்னொரு பிரதி எம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை அது. சீதனம், முதுசொம், தேடியதேட்டம், ஒற்றி என எம்மவர் வாழ்வின் நுட்பங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அடிமைகள் பற்றிய பகுதியும் இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அங்கே பிறருடைய உடைமையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். மனிதர் அடிமைகளாகப் படைக்கப்படவில்லை என்று முழங்கியவர்களின் வழித்தோன்றல்கள், 126 ஆண்டுகளின் பின் அடிமைத்தனத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

ஆனால் கொம்பனியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. தொகுப்பைப் பரிசீலித்துச் சரியென ஒப்புதல் அளித்தவர்கள் எமது முதலியார்கள் பன்னிருவர். எழுதிய கை அந்நியனுடையது. சொன்ன வாய் எம்முடையது. எமது வரலாற்று நூல்கள் தேசவழமையைத் தமிழரின் தனித்துவத்துக்குச் சான்றாகக் காட்டும்போது, பெரும்பாலும் சொத்துரிமைப் பகுதிகளோடு நின்றுவிடுகின்றன. 1844இல் பிரித்தானியர் அடிமைமுறையை ஒழித்தபின் அப்பகுதி செத்த எழுத்து என்பது அவற்றின் சமாதானம். சட்டம் செத்தது உண்மைதான். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் அது உயிரோடிருந்ததை 1960களின் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் காட்டின.

ஒல்லாந்தர் தம் வரலாற்றை இப்போது திருத்தி வாசிக்கத் தொடங்கியுள்ளனர். அம்ஸ்ரடாம் அருங்காட்சியகம் 2019இல் பதினேழாம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என அழைப்பதைக் கைவிட்டது. 2022 டிசம்பரில் பிரதமர் மார்க் ரூட்டவும், 2023 ஜூலையில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டனர். பிந்தியது என்றாலும் கேட்டார்கள்.

நாமும் ஒரு விடுதலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் மக்கள். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் பிறந்த எம் பிள்ளைகளுக்கு எமது வரலாற்றை எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பன்னிருவரின் ஒப்புதலுக்கு அதில் எத்தனை வரிகள் ஒதுக்கப்போகிறோம்?