மூன்றாம் ஒற்றையர்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இறகுப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது 1962இல், ஜகார்த்தாவில். அன்று தொடங்கி 2023 ஹாங்சோ வரை ஆடவர் அணிப் பிரிவில் 16 தங்கம் வழங்கப்பட்டிருக்கிறது. சீனா 7, இந்தோனேசியா 5, தென் கொரியா 3, தாய்லாந்து 1. அவ்வளவுதான் கணக்கு. லீ சோங் வெய்யைப் பெற்ற மலேசியா இந்தப் பட்டியலில் இல்லை. 2014இல் ஆடவர் உலக அணிப் பட்டமான தாமஸ் கோப்பையை வென்ற ஜப்பானும், 2022இல் அதை வென்ற இந்தியாவும்கூட இல்லை.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வென்றவர்கள் ஜெயித்தவர்கள். முதல் ஒற்றையர், முதல் இரட்டையர், இரண்டாம் ஒற்றையர், இரண்டாம் இரட்டையர், கடைசியில் மூன்றாம் ஒற்றையர். தரவரிசைப்படிதான் இறக்க வேண்டும். பலசாலியைக் கடைசிக்கு ஒளித்து வைக்க வழியில்லை. எனவே ஒரு நாட்டின் மிகச் சிறந்த வீரர் எத்தனை உலகப் பட்டம் வாங்கியிருந்தாலும், இங்கே அவர் தருவது ஒரு புள்ளிதான். ஒரு நாட்டின் ஆட்டமரபு எவ்வளவு ஆழமானது என்று அளக்க அதன் முதல் வீரரைப் பார்த்துப் பயனில்லை, மூன்றாமவரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. போட்டி 3-0, 3-1 என்று முடிந்துவிட்டால் அவர் மேல்சட்டையைக் கழற்றாமலே பதக்கம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 2-2 ஆனால்தான் அவர் யாரென்று தெரியும்.

இந்தோனேசிய மரபு மன்றங்களில் வளர்ந்தது. மத்திய ஜாவாவின் கூடுஸ் நகரில், ஜாரும் நிறுவனத்தில் கிராம்புச் சிகரெட் சுருட்டும் கொட்டகை மாலையானால் ஆட்டக்களமாக மாறியது. 1969 வாக்கில் தொழிலாளர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த மன்றத்திலிருந்துதான் லியெம் ஸ்வீ கிங் வந்தார். எம்பிக் குதித்து அவர் அடித்த ஸ்மாஷுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1962இல் ஒற்றையர் தங்கம் வென்ற டான் ஜோ ஹோக் முதல் தௌஃபிக் ஹிதாயத் வரை அந்த நாட்டு ஆட்டத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: மணிக்கட்டு. மட்டை வருவதைப் பார்த்து எதிராளி கால் வைத்தபின், கடைசிக் கணத்தில் மணிக்கட்டு திரும்பும். இறகு வேறெங்கோ விழும். தௌஃபிக்கின் பின்கை ஸ்மாஷை எதிர்கொண்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

சீன மரபின் வேரும் அதே மண்ணில்தான் இருக்கிறது. வாங் வென்ஜியாவ், சென் ஃபூஷோ, டாங் சியான்ஹு, ஹோ ஜியாச்சாங் எல்லோரும் இந்தோனேசியாவில் வளர்ந்து, 1950களிலும் 60களிலும் சீனா சென்ற சீன வம்சாவளியினர். கையில் இருந்த ஜாவா நளினத்தோடு அவர்கள் கால் வேகத்தைச் சேர்த்தார்கள். வேகம், மூர்க்கம், துல்லியம், நெகிழ்வு என்ற நான்கும் சீனப் பயிற்சிக் கூடங்களின் பாடமாயின. பயிற்சியாளர் ஒரு கூடை இறகுகளை வைத்துக்கொண்டு, முந்தையது தரையில் விழுவதற்குள் அடுத்ததை மூலைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். மூச்சு வாங்க நேரமே இராது. சீனா முதன்முதலாகப் பங்கேற்ற 1974 தெஹ்ரான் போட்டியிலேயே அணித் தங்கமும், ஹோ ஜியாச்சாங்குக்கு ஒற்றையர் தங்கமும் கிடைத்தன. அணி இறுதியாட்டத்தில் அவர்கள் வீழ்த்தியது இந்தோனேசியாவை. இன்னும் வேடிக்கை, டாங் சியான்ஹு பின்னாளில் இந்தோனேசிய வீரர்களுக்கே பயிற்சி தந்தார். அதன்பின் சீனா திரும்பி லின் டானைச் செதுக்கினார். இவ்விரு மரபுகளையும் எதிரெதிர் துருவங்களாக எழுதுபவர்கள் இந்த உறவுமுறையைக் கவனிப்பதில்லை.

கொரியர்களின் பலம் இரட்டையரில். பார்க் ஜூ-போங், கிம் மூன்-சூ காலத்திலிருந்து லீ யோங்-டே வரை, வலைக்கு அருகே நின்று இறகு தாழும் முன்பே வெட்டி விடுவது அவர்கள் வழக்கம். அவர்களுடைய மூன்று தங்கமும் சொந்த மண்ணில் கிடைத்தவை: சியோல் 1986, பூசான் 2002, இஞ்சியோன் 2014. ஆசியத் தங்கம் வென்ற கொரிய இளைஞருக்குக் கட்டாய ராணுவச் சேவையில் விலக்கு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்த மண் என்பது கைத்தட்டல் மட்டுமல்ல. பதினாறு வாத்து இறகு, சுமார் ஐந்து கிராம் எடை. அரங்கின் வெப்பமும் குளிரூட்டியின் காற்றும் இறகின் போக்கை மாற்றிவிடும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன் ஒருவர் பின்கோட்டில் நின்று, கீழிருந்து முழுவீச்சாக அடித்துப் பார்ப்பார்; எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால்தான் அந்த இறகு சரி. வேகத்தை இப்படிச் சரிபார்க்கலாம், பக்கக் காற்றைப் பார்க்க முடியாது. இஞ்சியோனில் காற்று தங்களுக்கு எதிராகவே வீசுகிறது என்று ஜப்பான் அணி புகார் சொன்னது, அமைப்பாளர்கள் மறுத்தார்கள். இதுவரையிலான 16 தங்கத்தில் எட்டு, போட்டியை நடத்திய நாட்டுக்கே போயிருக்கிறது.

ஆனாலும் இஞ்சியோன் இறுதியைக் காற்று முடிவு செய்ததாக நான் நினைக்கவில்லை. சீனாவுடன் 2-2. ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தவர் லீ ஹியூன்-இல். வயது 34. பூசான் தங்கத்திலும் இருந்தவர், லண்டன் ஒலிம்பிக்குக்குப் பின் தேசிய அணியை விட்டு விலகித் திரும்பியவர். எதிரே இளைஞர் காவ் ஹுவான். லீ அவசரப்படவே இல்லை. உயர்த்தி அனுப்பினார், வலையோரம் இழுத்தார், பையன் தவறு செய்யும்வரை காத்திருந்தார். 21-14, 21-18. அந்தப் போட்டியில் ஒற்றையர் தங்கம் லின் டானுக்கு. அணித் தங்கம் கொரியாவுக்கு.

என் கட்சி வழுக்கும் இடமும் ஒன்று உண்டு: 2018 ஜகார்த்தா. 1962 போட்டிக்காகவே கட்டிய இஸ்தோரா அரங்கு, சீனாவுடன் இறுதி. முதல் ஆட்டத்தில் ஆண்டனி கின்டிங் முதல் செட்டை 21-14 என வென்றார். இரண்டாவதை 21-23 என விட்டார். மூன்றாவதில் 20-21 இருக்கையில் தசைப்பிடிப்பில் சுருண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஷி யூச்சிக்குப் புள்ளி. சீனா 3-1. அதே வாரத்தில் ஒற்றையர் தங்கம் இந்தோனேசியாவின் ஜொனாதன் கிறிஸ்டிக்கு. இரட்டையர் இறுதியில் இரு ஜோடியும் இந்தோனேசியர். ஆழத்துக்குக் குறைவே இல்லை, ஒரு தொடைத்தசைதான் கைவிட்டது.

மலேசியக் கதை வேறு. 1970 பாங்காக்கில் ஒற்றையர் தங்கமும், இங் பூன் பீயுடன் இரட்டையர் தங்கமும் வென்றவர் பஞ்ச் குணாளன். சிரம்பானில் பிறந்த தமிழர். ஒரே ஆள் இரண்டு பிரிவிலும் தங்கம் வென்ற அந்த ஆண்டிலும் அணிக்கு வெள்ளிதான். லீ சோங் வெய் காலத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை: முதல் ஆட்டம் கைக்குள், மிச்சம் நான்கும் கேள்விக்குறி.

இந்தியாவும் அதே நோயாளிதான். பெங்களூருவில் பிரகாஷ் படுகோன், ஹைதராபாத்தில் கோபிசந்த் என்று இரண்டு பள்ளிகளும் ஒற்றையரையே வளர்த்தன. இரட்டையர் வெகுநாள் மாற்றாந்தாய்ப் பிள்ளை. மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர், பின்னால் நின்று அடிக்கும் சாத்விக்கையும் சிராக்கையும் ஜோடி சேர்த்த பிறகே நிலைமை மாறியது. 2023 அக்டோபர் 1, ஹாங்சோ இறுதி. லக்‌ஷ்யா சென் ஷி யூச்சியை வென்றார். சாத்விக், சிராக் ஜோடியும் வென்றது. இடையில் ஸ்ரீகாந்த், லி ஷிஃபெங்கிடம் முதல் செட்டை 22-24 என நழுவவிட்டுத் தோற்றார். இரண்டாம் இரட்டையரும் போயிற்று. 2-2. முதுகுவலியால் பிரணாய் வெளியே. வரிசையில் ஒருவர் உருவப்பட்டதும் எல்லோரும் ஒரு படி ஏற, மூன்றாம் ஒற்றையராக மிதுன் மஞ்சுநாத் இறங்கினார். 12-21, 4-21. வெள்ளி.

மிதுனைக் குறைசொல்வதில் நியாயமில்லை. எதிரே நின்ற சீனாவின் மூன்றாமவர் வெங் ஹோங்யாங். இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் அவர் வீழ்த்தியது நம் முதலாமவர் பிரணாயை.