உழவர் யார்? தமிழகக் கிராமப் பொருளியல் ஆய்வுகளும் அவை கைவிட்ட சொற்களும்

முன்னுரை

தமிழக வேளாண்மை குறித்துக் கடந்த நூறாண்டுகளில் வெளிவந்துள்ள பொருளியல் ஆய்வுகள் அளவாலும் தரத்தாலும் குறிப்பிடத்தக்கவை. ஒரே ஊருக்குத் தலைமுறைதோறும் திரும்பச் சென்று, முன்னவர் கண்டதைப் பின்னவர் சரிபார்த்த மரபு இங்கு வேரூன்றியுள்ளது. எனினும் இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழியலார் அவற்றைத் தம் புலத்துக்குப் புறம்பானவை எனக் கருதினர். பொருளியலாரோ களத்தில் கேட்ட தமிழ்ச் சொற்களை நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலுக்கு ஒதுக்கினர். இவ்விரு புறக்கணிப்பும் சேர்ந்து விளைத்த இழப்பு மொழியளவில் நின்றுவிடவில்லை. அரசின் உதவி யாரைச் சென்றடைகிறது என்பதிலும் அது வெளிப்படுகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்களுக்குத் திரும்பிய ஆய்வு

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டதால் உழவர்குடிகள் நலிந்த வரலாற்றை ஏற்கெனவே எழுதியிருந்தவர் அவர். தாம் அறிந்த ஊர்களை நேரில் ஆய்ந்து எழுதுமாறு தம் மாணவர்களைப் பணித்தார். அதன் விளைவு 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுதி. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவை அதில் இடம்பெற்ற தமிழ் ஊர்கள்.

1936–37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியால் இவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. அம்மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. மார்கரெட் ஹாஸ்வெல்லின் நூல் 1967இல் வந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகன் இப்பணியைத் தொடர்ந்தார். இருவேல்பட்டின் 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் 2010இல் எழுதினர். நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் அவர்களைச் சார்ந்து வாழும் நிலை குறைந்ததையும், வேளாண்மைக்கு வெளியிலான வருவாய் பெருகியதையும் அக்கட்டுரை காட்டுகிறது. ஓர் ஊரின் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றை இவ்வளவு தெளிவாக அறிய முடிவது அரிய பேறாகும்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் கவலையையே ஊரிடம் கேள்வியாகக் கேட்டது. ஸ்லேட்டரின் காலத்தில் கடனும் நிலத் துண்டாடலும், 1930களில் விலை வீழ்ச்சியும், 1980களில் வறுமையும் முன்னின்றன. இது குறையாகாது. கேள்விகள் மாறியபோதும் வினாப்படிவத்தின் கட்டங்கள் மாறவில்லை என்பதே குறை. நிலவுடைமையாளர், குத்தகைதாரர், கூலியாள் என்னும் மூன்று கட்டங்களுக்குள் ஊரை அடக்கும் வழக்கம் நூறாண்டு நீடித்தது.

வாரம், குத்தகை, பண்ணை

இம்மூன்று கட்டங்களும் எதை மறைக்கின்றன? காவிரிப் படுகையின் வழக்கில் வாரமும் குத்தகையும் வெவ்வேறானவை. வாரத்தில் விளைந்தது பங்கிடப்படும். விளைச்சல் பொய்த்தால் இருவருக்கும் இழப்பு. குத்தகையில் அளக்க வேண்டிய நெல்லோ செலுத்த வேண்டிய பணமோ முன்னரே பேசி முடிக்கப்படும். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் இழப்பு முழுதும் உழுபவர் தலையில் விழும். இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடக்கும் ஆய்வு, இடரை யார் சுமக்கிறார் என்னும் வினாவையே இழந்துவிடுகிறது.

பண்ணையாள் என்னும் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. பண்ணையாள் ஒரு மிராசுதாரரிடம் ஆண்டு முழுதும் கட்டுண்டு, நெல்லாகக் கூலி பெற்று, பெரும்பாலும் கடனாலும் பிணிக்கப்பட்டவர். 1952இல் இயற்றப்பட்ட தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கு வேலைப் பாதுகாப்பும் கூலி வரையறையும் அளிக்க முற்பட்டது. ஆனால் அதன் பின்னர்ப் பல மிராசுதாரர்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு, அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தத் தொடங்கினர். அடிமைத்தளை தளர்ந்தது, அதனோடு ஆண்டு முழுதும் கிடைத்துவந்த வேலையும் போயிற்று. ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையே மாறிய நிகழ்வு இது. ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்மனிதர் முன்பும் வேளாண் தொழிலாளர், பின்பும் வேளாண் தொழிலாளர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னணியாக அமைந்த கூலிப் போராட்டத்தை இம்மாற்றத்தை விலக்கிவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது.

இச்சொற்களை விடாது பற்றியவர்களும் உண்டு. 1951 முதல் தஞ்சையில் களப்பணி செய்த கேத்லீன் கௌ, ஊர் வழங்கிய சொற்களைக் கொண்டே உழைப்பு உறவுகளை வகைப்படுத்தினார். ஹருகா யனகிசாவா லால்குடி வட்டத்தின் நிலப் பதிவேடுகளை ஒப்பிட்டு, ஒடுக்கப்பட்ட சாதியினர் சிறுகச் சிறுக நிலம் பெற்றதைக் காட்டினார். இவர்களின் முடிவுகள் இன்றும் பயன்படுவதற்கு அந்த நுணுக்கமே காரணம்.

இக்குறையைப் பிறர்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக இக்கட்டுரையாளர் தஞ்சைப் பகுதியில் களப்பணி செய்தபோது, ஒரு முதியவர் தமக்கு அரை ஏக்கர் சொந்தம் என்றும், கோயில் நிலம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு உழுவதாகவும், நடவு முடிந்தபின் கூலிக்குச் செல்வதாகவும் கூறினார். படிவத்தில் ஒரு கட்டத்தில் மட்டுமே குறியிட இடமிருந்தது. "கூலியாள்" என்பதில் குறியிடப்பட்டது. அருகில் நின்ற அவர் மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர். அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை, குடும்பத் தலைவருக்கு மட்டுமே அதில் இடமிருந்ததால். பட்டம் கிடைத்தது. அந்த அட்டவணை இன்றும் ஒரு நூலகத்தில் சான்றாக இருக்கிறது.

வடஆர்க்காட்டின் இரு தீர்ப்புகள்

ஆய்வின் காலமும் அதன் முடிவைப் பாதிக்கும் என்பதற்கு வடஆர்க்காடு தக்க சான்று. கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1970களின் தொடக்கத்தில் அங்கும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நடத்திய ஆய்வு, பி. எச். ஃபார்மரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1977இல் வெளிவந்தது. நூலின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சி என்பதை அடுத்து வினாக்குறி இருந்தது. புதிய நெல் வகைகள் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதே அவர்களின் முடிவு. பத்தாண்டுகளுக்குப் பின் அதே மாவட்டத்தை ஆராய்ந்த பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் 1991இல் வெளியிட்ட நூலில், அவ்வகைகள் பரவலாக ஏற்கப்பட்டதையும் சிறு உழவரும் நிலமற்றோரும் பயனடைந்ததையும் எடுத்துக்காட்டினர்.

இரு தரப்பும் தத்தம் காலத்துக்கு உண்மையையே கூறின. எனினும் இரண்டிலும் நெல்லே மையம். கிணற்றை மையமாக வைத்து நோக்கினால் மூன்றாவது வரலாறு ஒன்று புலப்படும். வடஆர்க்காட்டில் சகோதரர்கள் நிலத்தோடு கிணற்றையும் பங்கிட்டு, முறை வைத்து இறைப்பர். கால் பங்குக் கிணறும் அரைக்கால் பங்குக் கிணறும் அங்குச் சொத்துரிமையின் பெயர்கள். மின் இறைப்பி பெருகி நீர்மட்டம் தாழ்ந்தபோது, ஆழப்படுத்தப் பணமுள்ளவர் கிணற்றில் மட்டும் நீர் நின்றது. வேளாண்மைக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டபின் அச்சலுகையும் நீர் நின்ற கிணற்றுக்கே சென்றது. வற்றிய கிணற்றில் பங்குள்ளவருக்குக் கட்டணமில்லா மின்சாரத்தால் பயனில்லை.

பட்டாவும் உழவரும்

ஆய்வின் கட்டங்கள் அரசின் கட்டங்களாக உறைந்ததை இனிக் காணலாம். 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தன. பதிவு பெற்றவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதாலேயே நிலவுடைமையாளர் எழுத்தில் தர மறுத்தனர்; குத்தகை வாய்மொழிக்குத் திரும்பியது. எழுதப்படாத குத்தகைதாரர் ஆவணங்களில் உழவராக இல்லை.

இதன் விளைவு அண்மைத் திட்டங்களில் தெளிவாகத் தெரிகிறது. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் உள்ள குடும்பங்களுக்கே வழங்குகிறது. 2021இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. ஆவணமின்றிக் கடனே பெற இயலாதவருக்குத் தள்ளுபடி செய்ய எதுவுமில்லை. வெள்ள நிவாரணத்தில் முரண் இன்னும் கூர்மையானது. குத்தகை நிலத்தில் பயிர் அழுகினால் இழப்பு உழுதவருடையது. அடங்கலில் உடைமையாளர் பெயர் இருந்தால் நிவாரணம் அவருடையது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வு கைவிட்டதன் விலை இங்கே பணமாகவே கணக்கிடத்தக்கது.

மாற்று இல்லாமலில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையத்தைத் தொடர்ந்து வந்த 2007ஆம் ஆண்டு தேசிய உழவர் கொள்கை, வாரதாரரையும் குத்தகைதாரரையும் வேளாண் தொழிலாளரையும் "உழவர்" என்னும் வரையறைக்குள் சேர்த்தது. வரையறை தாளில் உள்ளது. பணம் பட்டாவின் வழியே செல்கிறது.

முடிவுரை

தமிழியல் ஆய்வாளர்கள் செய்யத்தக்க பணிகளாக மூன்றினை இக்கட்டுரை முன்வைக்கிறது. முதலாவது, நில உறவு, நீருரிமை, கூலி ஆகியன பற்றிய வட்டாரச் சொற்களை, ஒவ்வொன்றிலும் இடரும் பங்கும் எவருடையவை என்னும் விளக்கத்தோடு தொகுத்தல். இரண்டாவது, ஸ்லேட்டர் முதல் இன்றுவரை ஆராயப்பட்ட ஊர்களின் ஆய்வுகளைத் தமிழில் பெயர்த்து அவ்வூர்களுக்கே அளித்தல். தம் பாட்டனார் பற்றி எழுதப்பட்டதைப் படித்து மறுக்கும் வாய்ப்பு இருவேல்பட்டு மக்களுக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, பழைய களப் படிவங்களை நூலகங்களிலிருந்து வெளிக்கொணர்ந்து, எந்தக் கட்டத்தில் யார் எதற்காக அடைக்கப்பட்டனர் என மறு ஆய்வு செய்தல்.

மூன்றாவது பணியை இக்கட்டுரையாளர் தம் சொந்த அட்டவணையிலிருந்து தொடங்கியுள்ளார். "கூலியாள்" எனக் குறிக்கப்பட்டவர்களுள் எத்தனை பேர் சொந்தமாகவோ வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதவர்கள் என்பதைக் களக்குறிப்பேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்த முடிகிறது. அவர்தம் மனைவியரைப் பற்றி அக்குறிப்பேடுகளிலும் ஒரு சொல் இல்லை. கேட்கப்படாததை எந்த மறு ஆய்வும் மீட்க இயலாது. இனி எழுதப்படும் படிவங்களிலேனும் அந்தக் கேள்வி இடம்பெற வேண்டும்.