லேபிள் போன குரல்: கிட்டப்பாவின் இசைத்தட்டும் நம் புலனமும்



போன தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு விருத்தம் நடத்தினேன். யாப்பு விளக்கம் மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய திருவருட்பா விருத்தம் ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டேன். ஆசிரியர் புலனக் குழுவில் யாரோ அனுப்பிய ஒலிக்கோப்பு அது. பாதிப் பாட்டிலேயே பின்வரிசைப் பையன் கை தூக்கினான். "டீச்சர், இவரு ஏன் பஸ்ஸுக்கு நேரமான மாதிரி பாடுறாரு?"

வகுப்பே சிரித்தது. "அந்தக் காலத்துப் பாணி அப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டப்பா 1906இல் பிறந்தார், 1933 டிசம்பரில் இறந்தார். வயது 27. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நாடக மேடையில் ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டிய குரல் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குரலுக்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி அவர் பாடிப் பதிந்த இசைத்தட்டுகள்தான். கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அவர் 1980 வரை இருந்தார். 'ஔவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) என்று படங்களில் நிறுத்தி நிதானமாகப் பாடியதை நாம் கேட்க முடிகிறது. ஒரே மேடையில் சமமாகப் பாடிய இருவரில் ஒருவரை முழுசாகவும் மற்றவரைத் துண்டு துண்டாகவும் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம். அது ஞாயமான ஒப்பீடு இல்லை.

சரி, அந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் மூன்றரை. அதற்குமேல் முள் போக இடமில்லை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்சீர் விருத்தம் என்றால் நான்கடிக்கு 32 சீர். அது முழுவதையும் ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டுமானால் சீருக்கு ஆறு வினாடிதான் கிடைக்கும். அதிலேயே ஆர்மோனியத்துக்கும் இடம் விட வேண்டும், மூச்சும் வாங்க வேண்டும். விருத்தம் என்பதோ தாளக்கட்டு இல்லாமல் பாடுவது. ஒரு சொல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிச் சொல்லி, ராகத்தில் நனைத்து, கேட்பவர் பொருளை உணரும்வரை அங்கேயே நிற்பதுதான் அதன் அழகு. மேடையில் இரசிகர்கள் கேட்கக் கேட்க அது நீண்டுகொண்டே போகும். தட்டுக்கு இரசிகர் கிடையாது, கடிகாரம் மட்டும்தான் உண்டு.

ஆகவே கிட்டப்பாவின் தட்டில் நாம் கேட்பது அவருடைய கலையின் சுருக்கம். சுருக்கத்திலும் ஒரு திறமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்தப் பிருகாக்கள் மூன்று நிமிடத்துக்குள் மின்னி மறைகிறபோது சொல் சிதையவே இல்லை. எதுகை விழும் இடம் காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது. யாப்பு படிக்கிற மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் "நிதானம் இல்லாத பாடகர்" என்று ஒரு தீர்ப்பை இந்தத் தட்டை வைத்து எழுத முடியாது. ஐந்நூறு சொல் கட்டுரையை ஐம்பது சொல்லில் சுருக்கச் சொல்லிவிட்டு, "வருணனை போதவில்லை" என்று மதிப்பெண் குறைத்தால் மாணவர் நம்மை என்ன நினைப்பார்?

நைஜீரியாவின் ஜூஜூ இசையை இதோடு வைத்துப் பார்க்கலாம். யொரூபா மொழிப் பாட்டும் கிட்டாரும் பேசும் முரசும் சேர்ந்த இசை அது. அதற்கும் 78 சுற்றுத் தட்டின் மூன்று நிமிடக் காலம் இருந்தது. பிறகு நெடுந்தட்டு வந்ததும் எபனேசர் ஒபே, கிங் சன்னி அடே போன்றவர்கள் ஒரு பக்கம் முழுவதையும் இடைவெளி விடாமல் ஒரே தொடர்ச்சியாக வாசித்தார்கள். விருந்து வீட்டில் வாசிப்பது போலவே தட்டிலும் வாசிக்க முடிந்தது. கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பு வரும்வரை ஆயுள் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கே பிறகுதான் புரிந்தது. 78 என்பது பேருக்குத்தான். ஆரம்பகாலப் பதிவுகளில் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் பாட்டு வேகமாவது மட்டுமில்லை, சுருதியும் ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். வீட்டில் தட்டை ஓட்டிக் கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறவர் எந்த வேகத்தில் ஓட்டினார்? நம் குழுவுக்கு வந்த கோப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலைப்பில் "கிட்டப்பா அருமையான பாட்டு" என்று இருந்தது, அவ்வளவுதான். தட்டு எண், நிறுவனம், எந்தப் பக்கம், ராகம் எதுவும் கிடையாது. குரலை நம்பித்தான் கிட்டப்பா என்று ஏற்றுக்கொண்டேன். அவருக்குப் பிறகு அவரைப் போலவே பாடியவர்கள் எத்தனை பேர்!

இங்கே நமக்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் பெயர் தொலைந்துபோனது. பாட்டில் வந்த உவமையை வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்தார்கள். பாட்டு பிழைத்தது, ஆள் போய்விட்டார். அதை அழகான செய்தியாகத் தேர்வில் எழுதுகிறோம். யோசித்தால் அது ஒரு இழப்பின் தழும்பு. திருஞானசம்பந்தர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பில் தன் பெயரை வைத்தே முடிப்பார்.

தொடக்ககால இசைத்தட்டுகளிலும் ஒரு திருக்கடைக்காப்பு உண்டு! கிராமபோன் கம்பெனிக்காக கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகின. பாடியவர் யார் என்று அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே. இன்று பகிர்கிறவர்கள் இரைச்சல் என்று நினைத்து அந்தக் கடைசி வினாடிகளை வெட்டிவிடுகிறார்கள். கடைக்காப்பை வெட்டிவிட்டுப் பதிகத்தைப் பதிப்பிப்பது மாதிரிதான் இது.

விவரம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் தாயி என்ற பாடகியின் தட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தன. மின்ஒலிவாங்கி வராத காலம், கூம்புக் குழாயின் வாயில் குரல் கொடுத்துப் பாட வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் அவருடைய இசையில் மயங்கினார். தாயி பாடிய அருட்பாத் தட்டைப் பின்பற்றி 'ராகமாலிகா' என்று பியானோ இசை எழுதினார். ஒரு சுரம் நம் ஊர் சுருதி போல அமுங்கி ஒலிக்க வேண்டும் என்பதற்காகப் பியானோ கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டு வைக்கச் சொன்னார். தட்டின் மேல் தாயியின் பெயரும் 'அருட்பா' என்ற சொல்லும் இருந்ததால்தான் பின்னால் வந்த ஆய்வாளர்களால் வடலூரிலிருந்து பாரிஸ் வரை கோடு போட முடிந்தது. பெயர் போயிருந்தால் "யாரோ ஒரு இந்தியப் பெண்" என்று முடிந்திருக்கும்.

சேகரிப்பவர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போல, சேர்த்ததைப் பற்றி எழுதியும் பேசியும் மற்றவருக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இங்கே பினாங்கில் 2015இல் பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லொக்ஹெட்டும் இவ்வூரின் வெகுசன இசை பற்றிப் புத்தகமே கொண்டுவந்தார்கள். ஆனால் பலருக்கு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் இன்பம். "கொடுத்தா விலை போயிடும்" என்பார்கள். தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். உடைந்த பிறகு விலை என்ன? பூட்டி வைப்பவரும் பெயரை உரித்துப் பகிர்பவரும் செய்வது கடைசியில் ஒன்றுதான். ஒலிப்பதிவின் உரிமைக்காலம் நம் நாட்டுச் சட்டத்தில் 50 ஆண்டு. கிட்டப்பாவின் தட்டுகளைப் பகிர்வதற்கு அந்தப் பயமும் தேவையில்லை.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சூலியா தெருவுக்குப் போனேன். நாகூர் தர்கா இருக்கும் முனையிலிருந்து நடந்தால் தங்கும் விடுதி, பணமாற்றுக் கடை என்று சுற்றுலாக்காரர் கூட்டம்தான். சூலியா என்று பெயர் கொடுத்த தமிழ் முஸ்லிம் வணிகரின் தெரு என்பதற்கு இன்னும் சில கடைகள் சாட்சியாக இருக்கின்றன. ஒரு பழம்பொருள் கடையில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில், ஏழெட்டுத் தட்டுகள் நிறுத்தி வைத்திருந்தன.

"எங்க வாப்பா காலத்து பிளேட்டு, டீச்சர். பாட்டுப் பெட்டி இல்ல. சுவத்துல மாட்டத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர்.

"பாட்டு என்னன்னு தெரியுமா பாய்?"

"வாப்பாவுக்குத் தெரியும்."

ஒன்றில் கொலம்பியாவின் இரட்டைச் சுரக்குறி பாதி தெரிந்தது. லேபிளின் மிச்சத்தைக் கரையான் தின்றிருந்தது. ஓரத்தில் ஒரு கீறல், ஓட்டினால் முள் நிற்காது. ஆனாலும் வாங்கினேன். பாய் பழைய சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதலில் அந்தப் பையனிடம், "நீ கேட்டது நல்ல கேள்விடா, நான் சொன்னதுதான் சரியில்ல" என்று சொல்லி மூன்று நிமிடக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பிறகு தட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. தட்டு அச்சாகும்போதே பதிந்த எண் அதில் இருக்கும், கரையானால் அதைத் தின்ன முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. முன்வரிசை மாணவி ஒருத்தி மெல்லிய தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள், கல்வெட்டுக்குப் படி எடுப்பார்களே, அந்த மாதிரி. முதலில் ஒரு எழுத்து வந்தது, அப்புறம் இரண்டு இலக்கம். மணி அடிக்கும்போது மூன்றாவது இலக்கம் எட்டா மூன்றா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.