நாற்பது வசதிகள், ஒரு பில்

இந்த வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதலாமென்று இருக்கிறேன். 32 பக்கம். வழவழ ஆர்ட் பேப்பர், கெட்டி அட்டை, அட்டையில் தங்க நிற எழுத்து. விலை இலவசம். ஆனால் படித்து முடித்து மனசு மயங்கிவிட்டால் எண்பது லட்சம் ஆகும். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கட்டப்படும் ஒரு ஃபிளாட் வளாகத்தின் பிரோஷர்தான் அது.

சிரிக்காதீர்கள். 150 ரூபாய் டிக்கெட் எடுக்கிற சினிமாவுக்கு வாராவாரம் விமர்சனம் வருகிறது. வாழ்நாள் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்க வைக்கும் இந்த இலக்கிய வகைக்கு ஒரு வரி விமர்சனம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சும்மா பார்த்துட்டு வரலாம்' என்று நண்பர் குடும்பத்தோடு சைட்டுக்குப் போனேன். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, கையில் இதையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்கள் பிரமாதம். சென்னை வானம் அவ்வளவு நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஆரம்பித்து இருபத்திரண்டு வரை வசதிகள், வசதிகள், வசதிகள். எண்ணினேன். நாற்பது. நீச்சல் குளம், குழந்தைகளுக்குத் தனிக் குளம், ஜிம், யோகா மண்டபம், மினி தியேட்டர், மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கும் மேடை...

அப்புறம், கடைசிக்கு முந்தின பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் மூன்றே வார்த்தை: 'பராமரிப்புக் கட்டணம் தனி.'

இந்தப் புத்தகத்தின் மொத்தக் கோளாறும் அந்த மூன்று வார்த்தையில் இருக்கிறது. நாற்பது வசதிகளையும் கம்பெனி நமக்குக் கொடுக்கும் சீர்வரிசை மாதிரி எழுதியிருக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு மாதாந்திர பில். குளம் என்றால் பம்பு, குளோரின், கரண்ட், காவல். தோட்டம் என்றால் தண்ணீர், தோட்டக்காரர். கட்டுகிற செலவு ஒரு தடவை. நடத்துகிற செலவு கட்டடம் நிற்கிற வரைக்கும். முதல் செலவுக்குப் பதினெட்டு பக்கம், இரண்டாவதற்கு மூன்று வார்த்தை!

விற்பனைப் பையனைக் கேட்டேன். தங்கமான பையன். "அது ஒண்ணும் பெருசா வராது சார். சதுர அடிக்கு மூணு ரூபாதான். ரெண்டு வருஷத்துக்கு அட்வான்ஸா வாங்கிடுவோம். கார்ப்பஸ் ஒரு அம்பது ரூபா. அவ்ளோதான்."

மூணு ரூபாய்! காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பி.காம் படித்த தோஷம், பேப்பரை எடுத்தேன். ஃபிளாட் 1,200 சதுர அடி. மாதம் 3,600. இருபத்து நான்கு மாதத்துக்கு 86,400. அதற்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 15,552. கார்ப்பஸ் 60,000. ஆக மொத்தம் 1,61,952 ரூபாய், சாவி கைக்கு வருவதற்கு முன்பே. அந்த 1,200ல் மாடிப்படி, லிஃப்ட், வராந்தாவில் நம் பங்கு எல்லாம் சேர்த்தி. வீட்டுக்குள் நடக்கிற கார்ப்பெட் ஏரியா 850தான். அதை வைத்து வகுத்தால் மூணு ரூபாய், 4 ரூபாய் 24 காசு ஆகிவிடுகிறது.

அட்வான்ஸையும் கார்ப்பஸையும் பலரும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அட்வான்ஸ், மாசாமாசம் செலவாகித் தீர்ந்துபோகிற பணம். கார்ப்பஸ் என்பது கட்டடத்தின் சேமிப்பு. லிஃப்ட் மாற்ற, வெளிப்பூச்சு அடிக்க, பெரிய ரிப்பேர் வந்தால் எடுக்க. "கார்ப்பஸ் வட்டியிலேயே மெயின்டனன்ஸ் ஓடிடும் சார்" என்று சொல்வார்கள். ஓடுமா? இதே அளவில் 100 வீடு என்று வையுங்கள். கார்ப்பஸ் 60 லட்சம். 6 சதவிகித வட்டியில் வருஷத்துக்கு 3,60,000. நூறு வீட்டின் ஒரு மாத மெயின்டனன்ஸும் அதே 3,60,000. அதாவது, வருஷ வட்டி ஒரு மாதத்துக்கு ஓடும். மீதி பதினொரு மாதம்?

சரி, அந்த மூணு ரூபாயை எப்படிக் கணக்குப் போட்டார்கள்? கேட்டேன். பையனிடம் பதில் இல்லை. 'ஹெட் ஆபீஸ்ல ஃபிக்ஸ் பண்றது சார்.' இங்கேதான் விஷயமே. முதல் இரண்டு வருஷக் கட்டணம், விற்பனைக்குத் தோதாக வைத்த கட்டணமாக இருக்கலாம். புதுக் கட்டடம். லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் வாரண்டியில் இருக்கும்போது ரிப்பேர்ச் செலவு தெரியாது. வாரண்டி முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் வருஷ ஒப்பந்தம் போட வேண்டும். அப்போதுதான் நிஜ முகம் தெரியும்.

செக்யூரிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரோஷர் படத்தில் கேட்டில் ஒருவர் சல்யூட் அடிக்கிறார். ஒரு நாற்காலிதான். ஆனால் எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரத்தில் ஆறு நாள் வந்தால் கணக்குக்கு மூன்றரை ஆள் சம்பளம். இரண்டு கேட் என்றால் ஏழு பேர். 'இரண்டு பிரம்மாண்ட நுழைவாயில்கள்' என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான்.

கரண்டையும் தண்ணீரையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்குத் தனிப் பிரிவு வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஆக்கியபோது, பல சங்கங்களுக்கு மூச்சு முட்டியது. 2023ல் சலுகை வந்தது. யாருக்கு? பத்து வீட்டுக்கு மேல் இல்லாத, மூன்று மாடியைத் தாண்டாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு. நாற்பது வசதிக் கட்டடத்துக்கு அதில் இடமில்லை.

தண்ணீருக்கு 2019 கோடையை நினைத்துக்கொண்டால் போதும். என் நண்பனின் அப்பா, வங்கியில் ரிட்டயர் ஆனவர், அதற்கு முந்தின வருஷம்தான் மேடவாக்கம் பக்கம் புது ஃபிளாட்டில் குடியேறியிருந்தார். லோன் ஏதும் இல்லை, பி.எஃப்., கிராச்சுவிட்டி எல்லாவற்றையும் போட்டு வாங்கிய வீடு. அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்கென்று தனி நோட்டீஸ் வந்தது. அடுத்த வருஷம் அட்வான்ஸ் தீர்ந்தது. 3,400 என்று சொல்லப்பட்ட மெயின்டனன்ஸ் 5,500 ஆனது. அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் வலி, ஜிம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு நாள் சொன்னார்: "தம்பி, லோன் போட்டிருந்தாக்கூட கடைசித் தவணைன்னு ஒண்ணு இருந்திருக்கும். இதுக்கு அது கிடையாது."

சங்கக் கூட்டத்தில் குளத்தை மூடிவிடலாம் என்று பேசிப் பார்த்தாராம். "குளத்தைப் பார்த்துத்தானே வாங்கினோம்" என்று இளவட்டங்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம். பிரோஷர் எழுதியவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை!

ஒன்று சொல்ல வேண்டும். மெயின்டனன்ஸே கொள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. குறைவாக வாங்கும் கட்டடங்களின் கதியும் தெரியும்: பாசி பிடித்த சுவர், பாதி நாள் ஓடாத லிஃப்ட். செலவு இருக்கட்டும். அதை வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள் என்பதுதான் என் புகார்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. என்னோடு வந்த நண்பர் குடும்பம் வாஸ்து கேட்டது, கார் பார்க்கிங் கேட்டது, கிச்சன் எந்தப் பக்கம் என்று கேட்டது. மாதம் எவ்வளவு, அது எதற்கெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற ஜனங்கள்!

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2016ல் வந்த ரெரா சட்டப்படி, விளம்பரத்திலோ பிரோஷரிலோ பொய்யான தகவல் இருந்து, அதை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்வதானால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஆகவே பிரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்சி. சங்கம் பொறுப்பேற்கும்வரை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பது கட்டுநரின் கடமை. சங்கம் அமைய வழி செய்வதும், ஆவணங்களையும் வரைபடங்களையும் ஒப்படைப்பதும் அவர் வேலைதான். சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து, எடுத்துச் சொன்னால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஒழுகும் சுவருக்குக் கார்ப்பஸில் கைவைக்க விடாதீர்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. குடியிருப்போர் சங்கம் வசூலித்தால், ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு, 2018 ஜனவரியில் உயர்த்திய வரம்பு அது. கட்டுநர் கம்பெனியே வசூலித்தால் அந்த விலக்கு இல்லை. 3,600க்கு 18 சதவிகிதம் 648 ரூபாய். சங்கம் அமைவது தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு 648 ரூபாய் தண்டம்.

ஆகவே, புத்தகத்தின் அடுத்த பதிப்புக்கு என் சிபாரிசு ஒரே ஒரு பக்கம். பராமரிப்பு பட்ஜெட். செக்யூரிட்டி எத்தனை பேர், லிஃப்ட் எத்தனை, டீசல், கரண்ட், தண்ணீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, குளம், தோட்டம் எதெதற்கு எவ்வளவு? வாரண்டி முடிந்த மூன்றாம் வருஷம் எவ்வளவு? விற்காத வீடுகளின் பங்கை யார் கட்டுவது? கார்ப்பஸ் எந்த வங்கியில், யார் பெயரில், எப்போது சங்கத்துக்கு வரும்? இதே கம்பெனி ஐந்து வருஷத்துக்கு முன் கட்டிய கட்டடத்தில் இப்போது சதுர அடிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பையனை நம்ப வேண்டாம். அந்தக் கட்டடத்துக்கே போய், மாலை நடைப்பயிற்சியில் இருக்கும் ஒரு பெரியவரைக் கேளுங்கள். அரை மணி நேரம் நிற்க வைத்துச் சொல்வார்.

அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புவதாகப் பையன் சொன்னான். மூன்று வாரம் ஆகிறது. ஆர்ட் பேப்பர்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் போதும்.